‘ஈசி கிளீன், பவரில் கையெழுத்து’ என்கிறார் தரகர்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். ஈசியில் வில்லங்கம் இல்லை என்கிறார் தரகர். பட்டா அண்ணன் தம்பி மூவர் பெயரில் இருக்கிறது. மூத்தவரிடம் பவர் வாங்கியவர் கையெழுத்துப் போடுவாராம், ஒரிஜினல் பத்திரம் பின்னால் வருமாம். இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

ஈசி என்கிற வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகக் கணக்கு. நீங்கள் கேட்கும் சர்வே எண்ணில், கேட்கும் காலத்தில் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். ஐந்து வருடத்துக்கு எடுத்துக் காட்டினால், ஆறாவது வருட அடமானம் தெரியவே தெரியாது. குறைந்தது 30 வருடத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உட்பிரிவு ஆகி, அதாவது பெரிய நிலத்திலிருந்து பிரிந்து புது சர்வே எண் பெற்ற மனையென்றால், பழைய எண்ணையும் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிவாகாத உயிலோ, கோர்ட்டில் நடக்கும் பாக வழக்கோ இருந்தாலும் ஈசி சுத்தமாகவே வரலாம்.

பட்டா வருவாய்த்துறை ஆவணம். சொத்துரிமைக்குப் பத்திரம்தான் அடிப்படை, பட்டா துணைச் சான்று. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பட்டாவே நல்ல துப்பு கொடுக்கிறது. கூட்டுப் பட்டாவில் மூன்று பேர், பவர் கொடுத்ததோ ஒருவர். மற்ற இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினார்களா? பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் மூத்தவரின் பங்கு மட்டுமே உங்களுக்கு வரும். அப்பா உயில் எழுதாமல் இறந்து வந்த சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு. ‘சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சே’ என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

அடுத்து பவர், அதாவது பொது அதிகாரப் பத்திரம். பவர் வாங்கியவர், அதைக் கொடுத்தவர் சார்பில் கையெழுத்துப் போடுபவர்தான், சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. பவரை வைத்து நடக்கும் கைமாற்றம் மட்டுமே உரிமை தராது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துபோகும். ஆகவே அவருடைய உயிர்வாழ் சான்று, பவர் ரத்தாகவில்லை என்பதற்கான ஆதாரம் இரண்டும் வேண்டும். அதைவிட, மூத்தவரை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். உள்ளூரில் இருப்பவர் ஏன் தானே வந்து கையெழுத்துப் போடவில்லை என்பது நியாயமான கேள்விதானே?

எனக்கு அதிகம் உறுத்துவது ‘ஒரிஜினல் பின்னால் வரும்’ என்பதுதான். அசல் பத்திரத்தை வங்கியிலோ தனியாரிடமோ ஒப்படைத்துக் கடன் வாங்கினால் அதுவே ஒருவகை அடமானம். எழுத்தில் எதுவும் பதிவாகாவிட்டால் ஈசியில் அதன் சுவடே இருக்காது. ‘லாக்கரில் இருக்கு’, ‘அண்ணன் ஊரில் இல்லை’ என்று இழுத்தால் நீங்களும் இழுங்கள். ஜெராக்ஸை நம்பிப் பணம் கைமாற வேண்டாம்.

அசல் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் கைக்கு வந்து, ஒரு வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகு கிரய ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்ய வேண்டும், முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது மட்டும் போதாது. எல்லாப் பங்குதாரர்களும் அதில் கையெழுத்திடட்டும். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.