ஏற்காட்டு வீட்டில் தொலைக்காட்சியைப் பதிவு செய்யும் கணினி

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நானும் அம்மாவும் வசிக்கிறோம். அம்மா மாலையில் பார்க்கும் தொடர்களையும், தூர்தர்ஷனில் வரும் கிரிக்கெட் ஆட்டங்களையும் இசை நிகழ்ச்சிகளையும் பதிவு செய்து வைத்து, பிறகு ஓய்வாகப் பார்க்க ஹாலில் ஒரு கணினியை அமைக்க விரும்புகிறேன். சேலத்தில் ஒரு கடையில் கிராபிக்ஸ் கார்டுடன் சேர்த்து 85,000 ரூபாய் கேட்கிறார்கள். 2012இல் வாங்கிய ஐ3 மேசைக் கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது?

பதில்: கடைக்காரர் கேட்ட தொகையில் பெரும்பகுதி இந்த வேலைக்குத் தேவைப்படாத பொருள்களுக்கே போகிறது. டிஜிட்டல் ஒளிபரப்பைப் பதிவு செய்யும்போது கணினி படத்தைப் புதிதாக உருவாக்குவதோ சுருக்குவதோ இல்லை. ஏற்கெனவே சுருக்கப்பட்டு வரும் தரவு ஓட்டத்தை டியூனர் என்னும் அலை வாங்கும் கருவி பிரித்துக் கொடுக்க, கணினி அதை அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். வினாடிக்கு 3 மெகாபிட் அளவில் வரும் சாதாரணச் சேனலுக்கு ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1.35 ஜிபி ஆகும். 8 மெகாபிட் எச்டி சேனலுக்கு 3.6 ஜிபி ஆகும். இரண்டாவது கணக்கில்கூட டிஸ்கில் எழுதும் வேகம் வினாடிக்கு 1 எம்பி மட்டுமே என்பதால், உங்கள் 2012ஆம் ஆண்டுக் கணினி ஒரே நேரத்தில் நான்கு சேனல்களைப் பதிவு செய்தாலும் களைக்காது. நம் நாட்டு ஒளிபரப்பில் பெரும்பாலும் வழங்கும் எம்பெக்-2, எச்.264 ஆகிய இரண்டு படச்சுருக்க வடிவங்களையும் அந்தத் தலைமுறை இன்டெல் சில்லுகளே தனிக் கார்டு இல்லாமல் விரித்துக் காட்டிவிடும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய், எந்த அலை வழியாகச் சேனல் வரப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

மூங்கில் கம்பில் ஆண்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இப்போ தெரியுது" என்று கத்திய காலம் போய்விட்டது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. 2016இல் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னை போன்ற சில பெருநகரங்களை மையமாகக் கொண்டது. எனவே தரைவழி டியூனரை இப்போதைக்கு மறந்துவிடலாம். கேபிளும் கட்டண டிடிஎச் சேவைகளும் குறியாக்கம் செய்யப்பட்டு வருபவை. அவற்றைத் திறக்கும் சாவி அந்தந்த நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸிலும் கார்டிலும்தான் இருக்கிறது. அந்தக் கார்டைக் கணினியில் செருகிச் சேனல்களைத் திறக்கலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் படித்துவிட்டுச் சிலர் என்னிடம் வருகிறார்கள். அமெரிக்கக் கேபிளில் அப்படியொரு ஏற்பாடு நடைமுறையில் இருந்தது உண்மை. நம் ஊர்க் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் அது பொருந்தாது.

இதனால் உங்கள் அம்மாவின் தொடர்களையும் உங்கள் கிரிக்கெட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடர்கள் கட்டணச் சேனல்களில் வருகின்றன. செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வெளியீட்டைக் கேப்சர் கார்டில் (வெளியிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதிக்கும் கார்டு) செருகினால் போதும் என்று கடையில் சொல்லக்கூடும். செருகிப் பார்த்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும், ஏனெனில் அந்த இணைப்பில் எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு வேலை செய்கிறது. அந்தத் தடுப்பை நீக்கும் கருவிகளும் சந்தையில் உண்டு என்றாலும், பதிப்புரிமை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வீட்டில் பார்ப்பதற்காக மட்டும் செய்வது அதற்குள் வருமா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. அந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் செட்டாப் பாக்ஸில் பதிவு வசதி இருந்தால் அதன் யூஎஸ்பி துளையில் ஒரு டிஸ்கைச் செருகிப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அந்தப் பதிவு பொதுவாக அதே பெட்டியில்தான் ஓடும். இல்லையென்றால் அந்தச் சேனலின் சொந்தச் செயலியில் தொடரைப் பிறகு பார்க்கலாம். சொல்லப்போனால், அம்மாவின் தேவை தொடர்கள் மட்டும்தான் என்றால் கணினியே வேண்டாம் என்பேன்.

தூர்தர்ஷன் விஷயம் வேறு. டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. அதன் சேனல்களில் பல குறியாக்கம் இல்லாமல் வருவதால், கணினியில் உள்ள டியூனரே அவற்றை நேரடியாகப் பிடித்துவிடும். பொதிகை என்ற பெயரில் நாம் அறிந்திருந்து, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனலும் அதில் கிடைக்கிறது. தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிச் சேவைக்கும் இலவச டிடிஎச்சுக்கும் மட்டுமே உரியது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கேபிளில் தூர்தர்ஷனை வைத்தால் ஆட்ட நேரத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடுவதற்கு இதுவே காரணம். இலவச சேவையிலும் ஒரு சில சேனல்கள் குறியாக்கத்துடன் வரக்கூடும் என்பதால், டியூனர் வாங்கியதும் முதல் வேலையாக முழு ஸ்கேன் செய்து, நீங்கள் விரும்பும் சேனல் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. சேலம், ஏற்காடு பகுதியிலிருந்து கணக்கிட்டால் அது வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 126 டிகிரியில், அதாவது தென்கிழக்கில், தரையிலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இது மிகவும் செங்குத்தான கோணம். உங்களைப் போல் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வசிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, ஏனெனில் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயரமான மரம்கூட அந்தத் திசையில் நாலரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் அலையை மறைக்காது. மரம் அதைவிட நெருக்கமாக இருந்தால் கிளையை வெட்டுங்கள், அல்லது டிஷ்ஷை நகர்த்துங்கள். வெயில் நாளில் இலைகளுக்கு ஊடாக எப்படியோ வரும் சிக்னல், இலை நனைந்ததும் நின்றுவிடும்.

டியூனர் வாங்கும்போது அதில் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் புதிய தரமான டிவிபி-எஸ்2 என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பழைய தரமான வெறும் டிவிபி-எஸ் என்றால் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் பழைய கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை இருப்பதால் இரட்டை டியூனர் கார்டு ஒன்றைச் செருகலாம். இரட்டை டியூனர் இருந்தும் ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் பயன் பாதியாகிவிடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்என்பி சாதாரண வகையாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு துருவத்தையும் (அலை அதிரும் திசை, கிடை அல்லது செங்குத்து) ஒரு அலைப்பட்டையையும் மட்டுமே கீழே அனுப்பும் என்பதால், இரண்டு டியூனர்களும் வெவ்வேறு துருவங்களைக் கேட்டால் ஒன்றின் பதிவு பாழாகும். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியை வாங்கி, டியூனருக்கு ஒன்றாக இரண்டு ஆர்ஜி-6 கேபிள்களைத் தனித்தனியே இறக்குங்கள். அதே சமயம், ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளில் உள்ள ஒளிபரப்புக் கருவி) பல சேனல்கள் சேர்ந்தே வருவதால், அவை அனைத்தையும் ஒரே டியூனரைக் கொண்டு ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாத வசதி. எனவே நான்கு டியூனர் கார்டு உங்களுக்குத் தேவைப்படாது.

பழைய கணினியா புதியதா என்ற கேள்விக்கு மின்சாரக் கணக்குதான் விடை சொல்லும். உங்களுடையதைப் போன்ற மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 45 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 65 யூனிட் ஆகும். நமக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே தின்றுவிடும். இன்டெல் என்100 போன்ற சில்லில் ஓடும் சிறிய கணினி 10 வாட் எடுத்தால் அதே காலத்துக்கு 14 யூனிட் சொச்சம்தான். ஆனால் அந்தச் சிறிய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் கார்டு செருக இடமிருக்காது, யூஎஸ்பி டியூனரைத்தான் நாட வேண்டியிருக்கும். என் யோசனை, முதலில் பழைய கணினியிலேயே தொடங்குங்கள். பதிவு நேரம் வந்ததும் கணினியை எழுப்பும் ஆர்டிசி அலாரத்தைப் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) இயக்கி, பதிவு முடிந்ததும் உறங்கும்படி மென்பொருளில் அமைத்துவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறையும். இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டியும், பதிவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்கும் போதும். கண்காணிப்புக் கேமராக்களுக்கென விற்கப்படும் டிஸ்குகள் நாள் முழுவதும் எழுதுவதற்காகவே செய்யப்பட்டவை என்பதால் இதற்குப் பொருத்தமானவை. சத்தமான பழைய மின்விசிறியை மட்டும் மாற்றிவிடுங்கள், ஹாலில் அமைதியான காட்சி வரும்போது அதன் இரைச்சல் எரிச்சலூட்டும்.

மென்பொருளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விண்டோஸ் மீடியா சென்டர் விண்டோஸ் 10இல் நீக்கப்பட்டுவிட்டதால் அதைத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தில் டிவிஹெட்எண்ட் என்னும் மென்பொருள் பின்னணியில் இருந்து பதிவு செய்ய, கோடி (Kodi) என்னும் மென்பொருள் முன்னால் நின்று காட்டும் கூட்டணிதான் நான் வைத்திருப்பது. நிகழ்ச்சி அட்டவணையில் உள்ள நேரத்தை நம்பாமல், முன்னே ஐந்து நிமிடமும் பின்னே பதினைந்து நிமிடமும் கூட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிரிக்கெட்டுக்குப் பின்னே ஒரு மணி நேரம் கூட்டினாலும் தவறில்லை. பதிவை, ஒளிபரப்பில் வரும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் வடிவிலேயே விட்டுவிடுங்கள். எம்பி4 கோப்பு பாதியில் மின்சாரம் போனால் திறக்காமலே போகக்கூடும், இதுவோ நின்ற இடம் வரை ஓடும்.

பலர் கவனிக்காமல் விட்டு, பிறகு கணினியைக் குறை சொல்லும் இடம் ஒன்று உண்டு. நம் ஒளிபரப்பு வினாடிக்கு 50 புலங்கள், அதாவது பாதிப் படங்கள், என்ற கணக்கில், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் பின்னல் முறையில் வருகிறது. கணினியோ வழக்கமாகத் திரைக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. இந்த இரண்டும் ஒட்டாததால் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் பந்து விட்டுவிட்டு நகரும், திரையின் அடியில் ஓடும் செய்தி வரி நடுங்கும். கோடியின் அமைப்புகளில் படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் தேர்வை இயக்கி, தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸுக்கு மாறுகிறதா என்று பாருங்கள். பின்னலைப் பிரிக்கும் டீஇன்டர்லேசிங்கையும் இயக்குங்கள். 85,000 ரூபாய்க் கணினியிலும் இந்த அமைப்பு தவறாக இருந்தால் பந்து நடுங்கத்தான் செய்யும்.

இணையவழிச் சேவைகளை இதே கணினியில் பார்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. நகல் பாதுகாப்பு நிபந்தனைகளால் லினக்ஸ் உலாவிகளில் பல சேவைகள் தம் முழுத் தெளிவைத் தருவதில்லை. அதற்குத் தொலைக்காட்சியில் உள்ள செயலியே நல்லது.

மலையில் இருப்பதால் இன்னும் சில வேலைகள் உங்களுக்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி இறங்கும்போது மாடியிலிருந்து இறங்கும் கேபிள் மின்னழுத்தத்தை நேராகக் கணினிக்குள் கொண்டுவரும். டிஷ் கம்பத்துக்கு எர்த் போடாமல் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவைத்த ஒரு சித்திரையில், டியூனரும் மதர்போர்டும் ஒரே நொடியில் போயின; குற்றம் முழுக்க என்னுடையது. கம்பத்துக்கும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் வெளியுறைக்கும் எர்த் கொடுங்கள். இடி நெருங்கினால் கேபிளைக் கழற்றி வையுங்கள். மூடுபனியில் ஈரம் எல்என்பியின் இணைப்புக்குள் புகுந்து பச்சை பிடிக்கும் என்பதால், இணைப்பை நீர்புகாத ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றி, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, நீர் அங்கேயே சொட்டும்படி செய்யுங்கள். குரங்குகள் தொங்காதபடி கேபிளைக் குழாய்க்குள் விடுவதும் நல்லது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பொத்தானை யுபிஎஸ் நிலையில் வையுங்கள், மற்ற நிலையில் மாற்றம் மெதுவாக நடந்து கணினி அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும் தேர்வும் பயாஸில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், டிவிஹெட்எண்ட் காட்டும் சிக்னல் தர எண்ணை டிரான்ஸ்பாண்டர் வாரியாக ஒரு தாளில் குறித்து, கணினிப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். கனமழையில் அந்த எண் விழுவதும் மழை விட்டதும் ஏறுவதும் இந்தச் சேவை பயன்படுத்தும் கேயூ அலைப்பட்டையின் இயல்பு. மழையில்லாத நாளில் விழுந்தால் முதலில் எல்என்பியின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்.