இரவு 2 மணிக்கு வீடு திரும்பும் கணவர்

"பகல் முழுக்கச் சும்மா இருந்தேன், வேலையே சாயங்காலம்தான் வந்துச்சு"ன்னு முதலீட்டு வங்கியில (கம்பெனிகளை வாங்க, விற்க, பணம் திரட்ட உதவுற வங்கி) வேலை பார்க்கிற உங்க கணவர் சொல்றது பொய்யான்னு கேட்டிருக்கீங்க. பொய்யில்லைங்க. நான் அந்தத் தொழில்ல இல்லை; லண்டன்ல அப்படி ஒரு வங்கியோட அனலிஸ்ட்டோட (புதுசா சேர்ற கீழ்நிலை ஊழியர்) 2 வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன், அவ்வளவுதான். பகல்ல மேலதிகாரிகள் கிளையன்ட் மீட்டிங்ல இருப்பாங்க. சாயங்காலம்தான் ஸ்லைடுகளுக்குத் திருத்தம் வரும், காலைக்குள்ள முடிக்கணும். வெறும் எழுத்துரு மாத்தறதுக்காக அவன் விடிய விடிய உட்கார்ந்ததைப் பார்த்திருக்கேன்!

2021இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கில், வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை. 2024இல் ஜேபி மார்கன் வங்கி ஜூனியர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம்னு வரம்பு வச்சது. அதுவும் ஒரு டீல் (கம்பெனியை வாங்கறது, விக்கறது மாதிரி ஒப்பந்தம்) சூடுபிடிச்சா தளரும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காதீங்க. சனிக்கிழமை வேலை கூடாதுன்னு அவர் வங்கியில விதி இருக்கான்னு கேளுங்க. இருந்தா, அந்த ஒரு நாளை விட்டுடாதீங்க.