காலையில் எரிந்து அணையும் டயர் விளக்கு

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காரில் முன் டயருக்கு 33, பின் டயருக்கு 36 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று கதவோர ஸ்டிக்கர் கூறுகிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக நான்கிலும் 29 வைத்திருந்தேன். மறுநாள் குளிர்ந்த காலையில் எரிந்த டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு, சிறிது தூரம் ஓடியதும் அணைந்துவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: விடக் கூடாது. ஓட்டத்தில் டயர் சூடேறி உள்ளழுத்தம் உயர்ந்ததால்தான் விளக்கு அணைந்ததே தவிர, குறை தீர்ந்துவிடவில்லை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். பல கார்களில் பரிந்துரைத்த அளவிலிருந்து 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகே விளக்கு எரியும் என்பதால், உங்கள் பின் டயர்கள் அந்த விளிம்பில்தான் இருந்திருக்கின்றன. விளக்கு எரியாத டயர் சரியான டயர் என்று எண்ணுவதும் தவறு.

தடத்தில் சில சுற்றுகளிலேயே அழுத்தம் கணிசமாக ஏறிவிடும் என்பதால் குறைத்துத் தொடங்குவது முறையானதே. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உற்பத்தியாளர் வைத்த வேறுபாட்டை அழித்து நான்கையும் சமமாக்கியது, வளைவுகளில் காரின் நிதானத்தையே மாற்றக்கூடியது. சாலைக்குத் திரும்புமுன் ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்பிவிடுங்கள். அந்த அளவு, வண்டி 3 மணி நேரமாவது நின்று ஆறிய டயருக்கானது. சூடான டயரில் அளந்து காற்றை இறக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதோ உச்ச வரம்பு மட்டுமே.

விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் கோளாறு டயர் அழுத்தத்தை அளக்கும் சென்சாரில்தான். அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.