பெயரை மாற்றினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். இப்போது சென்னையில் வேலை. சென்ற ஆண்டு என் பெரியம்மாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். எப்போது போனாலும் மடியில் முறம், முறத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வானொலி, இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். முதல் திருமணம் முறிந்து வந்தவர் என்பதையும் கதையில் எழுதினேன். பெயரை மாற்றிவிட்டேன், ஊரையும் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, உறவினர் எல்லோருக்கும் போய்விட்டது. பெரியம்மாவின் மகன் என்னோடு பேசுவதில்லை. அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு. நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. அவரைத் தெய்வமாகத்தான் காட்டியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கதை இப்போது என் தொகுப்பில் வரப்போகிறது. எடுத்துவிடட்டுமா? தெரிந்தவர்களைப் பற்றி எழுதவே கூடாது என்றால் எழுதுகிறவர்கள் எதைத்தான் எழுதுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை வந்தபடியே வெளியிடவில்லை. ஊரை மாற்றினேன், உறவை மாற்றினேன். வானொலி என்று மேலே இருப்பது நீங்கள் எழுதிய பொருளே அல்ல. பீடியை மட்டும் விட்டுவைத்தேன். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. முறத்தின் ஓரத்தில் வானொலி வைத்திருப்பவர் ஒருவர்தான் இருப்பார். நீங்கள் பெயரை எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டீர்கள்.

இதை நம் முன்னோர் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். ‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். காதலைப் பாடும் அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகச் சொல்லப்படும் சங்கப் பாட்டு நெடுநல்வாடை. அதில் அவன் பெயர் எங்கும் இல்லை. பிரிவில் வாடும் தலைவி, பாசறையில் உறங்காத தலைவன் என்று எல்லாம் அகப்பாட்டின் நடைதான். ஆனால் ‘வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்’ என்று, தலையில் வேம்பு கட்டிய வேல் ஓரிடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியருக்கு உரிய பூ. அந்த ஒரு வேம்பு போதும், இது இன்ன அரசனைச் சுட்டிவிட்டது, ஆகவே இது அகம் அல்ல, அரசரையும் போரையும் பாடும் புறம் என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டிவிட்டார். உரையாசிரியரின் பிடிவாதம் என்று பலர் இதைக் கடந்துபோவதுண்டு. நான் அவர் கட்சி.

கதையையும் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். பீடி சுற்றும் பத்தி நன்றாக வந்திருக்கிறது. நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பது, தூளை அளவாகப் பரப்பி விரல் நுனியில் உருட்டுவது, நூலைச் சுற்றியதும் வாயை மடக்கி அழுத்துவது, வாசலில் வந்து நிற்பவரோடு சண்டை போடும்போதுகூடக் கை நிற்காமல் ஓடுவது. இவற்றுக்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வானொலியை எடுத்துவிட்டாலும் அந்தப் பத்தி அப்படியே நிற்கும்.

முதல் திருமணம் பற்றிய செய்திதான் குடும்பத்தைக் கொதிக்க வைத்தது என்கிறீர்கள். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் என்னை அதைவிட உறுத்தியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பெரியம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாஸ் புத்தகத்தில், அதாவது இலை கொடுத்ததையும் பீடி வாங்கியதையும் அந்தப் பெண் பேரில் குறிக்கும் புத்தகத்தில், இலை வாங்கிச் சுற்றினார் என்று இருக்கிறது. ஊரில் பல வீடுகளில் நடப்பதுதானே என்று எழுதியிருப்பீர்கள். வருங்கால வைப்பு நிதி, அடையாள அட்டை, 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தால் பிள்ளைகளுக்கு வரும் படிப்பு உதவித்தொகை எல்லாம் ‘இவர் பீடித் தொழிலாளி’ என்கிற பதிவை நம்பி இருப்பவை. இலை கொடுத்துப் பீடி வாங்கும் ஏஜெண்டுக்கு அந்த வரி எட்டினால் இரண்டு வீட்டு அடுப்பில் கை வைத்தது போல ஆகும். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கதையில் ஒரே வரியில் வந்துபோகிறார். உங்கள் கடிதத்தில் அவர் இல்லவே இல்லை.

பொய் எழுதவில்லை, உயர்வாகத்தான் எழுதினேன் என்ற இரண்டு வாதமும் சட்டத்திலேயே நிற்காது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றைத் தமிழ் வார இதழ் ஒன்று வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, உண்மையோ பொய்யோ, பாராட்டோ ஏச்சோ, எல்லாம் ஒன்றுதான். பொது ஆவணத்தில் உள்ளவற்றுக்கும், அரசுப் பதவியில் இருப்பவர் தம் கடமையில் செய்தவற்றுக்கும் அந்தத் திரை கிடையாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. எனக்கு இந்தப் பிற்பாதி முக்கியம். பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எழுதுகிறவர் யார் மனமும் நோகாமல் எழுத வேண்டிய அவசியம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பே எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. ஆலை நடத்தியவருக்கு மனம் புண்பட்டால் படட்டும். அதே ஆலையில் டிரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போட்டவர் ராணிப்பேட்டையில் ஒருநாள் என்னிடம் பேசியது வேறு வகை. அவர் வேலையிலிருந்து நிற்கும்வரை அதை நான் வெளியிடவில்லை. கதை பழசாகிவிட்டது என்று பத்திரிகை நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். பழசானால் கெட்டுப்போக அது மீன் அல்ல.

பழைய வடஆர்க்காட்டின் செய்யாறு பக்கத்தில் விடிய விடியக் கூத்து பார்த்திருப்பீர்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பாரதக் கதையை நிறுத்திவிட்டு ஊர்ப் பெரியவரின் கஞ்சத்தனத்தைக் கிண்டல் செய்வார். பெரியவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். அவரும் பதிலுக்கு ஏதாவது கத்துவார், கூட்டம் இருவரையும் பார்த்துச் சிரிக்கும். விடிந்ததும் கட்டியங்காரன் அதே ஊரில்தான் காலைப் பலகாரம் சாப்பிட வேண்டும். அச்சில் எழுதும் நமக்கு இந்த வசதியும் இல்லை, இந்தப் பயமும் இல்லை. உங்கள் பெரியம்மா முன்வரிசையிலேயே இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏதோ அது உங்களுக்குச் சாதகம் போல.

அனுமதி கேட்டுவிட்டால் ஆயிற்று என்பதையும் நான் நம்புவதில்லை. உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டால், தூக்கி வளர்த்த பிள்ளை கேட்கிறதே என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார். அது பாசம். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்குத் தெரியாது. கதையை முழுக்க அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். மகனை வைத்துக்கொண்டு வேண்டாம். பகலில், அவர் தனியாக வேலையில் இருக்கும்போது. எந்த இடத்தில் அவர் கை நிற்கிறது என்று பாருங்கள். முதல் திருமணம் அவருடையது. அது வேண்டாம் என்றால் வேண்டாம். அது இல்லாமல் கதை இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தொகுப்பில் ஒரு கதை குறையட்டும்.

மறைப்பதே நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். கூத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பெயர் மாற்றி எழுதிய கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆடியது நான், பெயர் மட்டும் வேறு யாருடையதா என்று கோபித்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம். மறுபதிப்பில் அவர் பெயரைப் போட்டேன். உங்கள் பெரியம்மாவும் அப்படிக் கேட்கலாம். வானொலி இருக்கட்டும் என்றுகூடச் சொல்லலாம். சொல்ல வேண்டியவர் அவர்தான். தெரிந்தவர்களை எழுதாமல் வேறு யாரை எழுத முடியும்? தெரியாதவர்களை எழுதினால் எப்படி இருக்கும் என்பதை மாதாமாதம் இதழ்களில் படிக்கிறோமே.

பாஸ் புத்தக வரிக்கு மட்டும் அவர் சம்மதம் செல்லாது. அதில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். பதிப்பாளர் பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் முன் அதை எடுத்துவிடுங்கள். பெரியம்மா வீட்டுக்குப் போவது அடுத்த வாரம் இருக்கட்டும்.

அன்புடன்.