இடையில் அடைத்த லோனுக்கு பிபிஐ காசு திருப்பிக் கேட்கலாமா?

உங்கள் நண்பர் சொன்னது பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கதையை எங்களுக்கு வங்கியே கடிதத்தில் எழுதி அனுப்பியது. 2006இல் எடுத்த ஐந்து வருட லோனை 2008இலேயே அடைத்துவிட்டீர்கள், அதோடு பிபிஐயும், அதாவது லோனோடு சேர்த்து விற்ற கடன் காப்புறுதியும், முடிந்தது, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க நிறைய இருந்தது. லோனை இடையில் அடைத்தவர்கள்தான் அந்தக் காப்புறுதியில் மோசமாக அடிபட்டவர்கள். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்கும் வழி மிகவும் ஒடுங்கிவிட்டது. அதைக் கீழே எழுதுகிறேன்.

நீங்களும் எங்களைப் போல வங்கிக் கிளைக்கு நேரே போய், அவர்கள் விரலால் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். 2005இல் இவர், என் கணவர், லண்டனில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தார். கார் மாற்றவும் தங்கச்சியின் கலியாணத்துக்கு அனுப்பவும் 8,000 பவுண் தேவைப்பட்டது. லோன் இவருடைய பெயரில். ஒப்பந்தத்தில் கடன் தொகைக்குக் கீழே இன்னொரு வரி, காப்புறுதி 1,760 பவுண். பக்கத்துப் பெட்டியில் சரி அடையாளம் அச்சிலேயே வந்திருந்தது. சுகமில்லாமல் போனால், வேலை போனால் மாதக்காசை அவர்களே கட்டுவார்கள், இதையும் எடுத்தால் லோன் சுணங்காமல் கிடைக்கும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். இவர் சுயதொழில் செய்கிறவர் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் காப்புறுதியின் நிபந்தனைப்படி சுயதொழில்காரர் தொழிலையே முற்றாக மூடினால்தான் வேலையிழப்புக்குக் காசு. ஓட்டம் குறைந்து வீட்டில் இருந்தால் ஒரு சதமும் இல்லை. இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அந்த 1,760 பவுணை மாதாமாதம் தனியாகக் கட்டுவது என்றால் வேண்டாமென்று நிறுத்தியிருக்கலாம். அவர்கள் அதை முழுதாக லோனோடு சேர்த்து 9,760 ஆக்கி, அதற்கும் வட்டி போட்டார்கள். காப்புறுதிக்காக மட்டும் மாதம் 36 பவுண் போனது. இப்படி ஒரே தவணையாக லோனுக்குள் ஏற்றுகிற வகைதான் எல்லாவற்றிலும் கெட்டது. 2009இல் அதன் விற்பனையை நிறுத்த வைத்தார்கள், பிறகு தடை உத்தரவும் வந்தது.

2007இல் எங்களுக்குச் சீட்டு விழுந்தது. வட்டி கட்டிக்கொண்டிருப்பானேன் என்று லோனை அடைத்தோம். அடைத்த நேரம் வந்த கணக்குக் கடிதத்தில் "காப்புறுதிக் கழிவு 640" என்று ஒரு வரி, அதாவது காப்புறுதி இடையில் நின்றதற்காக நிலுவையில் குறைத்த காசு. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம்தான் போயிருக்கிறது, மூன்று வருடம் மிச்சம். நேர்மையான கணக்கென்றால் 1,760இல் அறுபது வீதம், 1,056 பவுண் வரவேண்டும். ஏன் 640?

இதற்கு அவர்கள் வைத்திருந்த சூத்திரத்துக்கு 'எழுபத்தெட்டின் விதி' என்று பெயர். 60 மாதக் கடன் என்றால் 1 முதல் 60 வரை கூட்டுவார்கள், 1,830 வரும். முதல் மாதத்துக்கு 60 பங்கு, அடுத்த மாதத்துக்கு 59 பங்கு என்று இறங்கிக்கொண்டே போகும். மிச்சமிருந்த 36 மாதங்களுக்கு மொத்தம் 666 பங்குதான். 666ஐ 1,830ஆல் வகுத்தால் 36 வீதம். காலத்தில் அறுபது வீதம் மிச்சம், காசில் முப்பத்தாறு வீதம் மிச்சம். இதை நான் ஒரு கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2011 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றத்தில், பிபிஐ முறைப்பாட்டு விதிகளை எதிர்த்துப் போட்ட வழக்கில் வங்கிகளின் சங்கம் தோற்ற பிறகு இந்தக் கதை எல்லா இடத்திலும் பரவியது. 2013இல் நாங்கள் முறையிட்டோம். வங்கியின் பதில்: கணக்கு மூடப்பட்டுவிட்டது, காப்புறுதி ரத்துச் செய்யப்பட்டு உரிய கழிவும் தரப்பட்டுவிட்டது, ஆகவே உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. இவர் அதை வாசித்துவிட்டு, "கணக்கு மூடியாச்சு, இனியென்ன கேக்கக் கிடக்கு, விடும்" என்றார். நான் விடவில்லை. வங்கிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரித்து முடிவு சொல்லும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினேன். அதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சுயதொழில் விஷயத்தையும் அந்த 640 பவுண் கணக்கையும் எழுதி, ஒப்பந்தத்தின் பிரதியை இணைத்தேன். பேப்பர்கள் எங்களிடம் இருந்ததற்குக் காரணம் ஹோம் ஒபிஸ், அதாவது விசா விஷயங்களைப் பார்க்கும் உள்துறை அமைச்சு. அகதியாக வந்தவர் வீட்டில் ஒரு துண்டுக் கடிதத்தையும் எறியமாட்டோம். விசாக் கடிதங்கள் இருந்த அதே பைலில்தான் லோன் ஒப்பந்தமும் கிடந்தது.

முடிவு எங்கள் பக்கம் வந்தது. இடையில் அடைத்த லோனுக்கு எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். காப்புறுதியே இல்லாமல் அந்த லோன் ஓடியிருந்தால் நீங்கள் எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று பார்ப்பார்கள். மாதாமாதம் கூடுதலாகப் போன 36 பவுண் ஒன்று. அடைத்த நாளில் காப்புறுதி ஏறியிருந்ததால் கூடுதலாகக் கட்டிய காசு மற்றது. எங்களுக்குக் காப்புறுதியால் மட்டும் 1,144 பவுண் நிலுவை ஏறியிருந்தது, 640 கழித்தால் 504. இரண்டு வருடம் போன மாதம் 36 பவுணும் இந்த 504உம் சேர்ந்து 1,370 பவுண் அளவில். அதன்மேல் ஒவ்வொரு தொகையும் கைவிட்டுப் போன நாளிலிருந்து ஆண்டுக்கு 8 வீதம் தனிவட்டி சேர்த்தார்கள். வட்டியில் 20 வீதம் வரி பிடித்து, 2,000 பவுணுக்குக் கொஞ்சம் குறைய வந்தது. ஆகவே அவர்கள் ஏற்கெனவே தந்த கழிவு என்பது இந்தக் கணக்கில் ஒரு கழித்தல் மட்டும்தான். அதைத் தந்ததால் உங்கள் உரிமை தீர்ந்துவிடாது.

இனி இங்கே சிலர் வந்து, "கையெழுத்து வைக்கமுன் வாசித்திருக்க வேண்டும்" என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். 2011இலிருந்து இந்த நாட்டு வங்கிகளும் கடன் கம்பனிகளும் பிபிஐக்காகத் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுணுக்கும் மேல். அவ்வளவு சனமும் வாசிக்கத் தெரியாத சனமா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இதே பெட்டியில் இதே அடையாளம்தான் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் சிலர் இதைச் 'சும்மா வந்த காசு' என்கிறார்கள். இரவிரவாகக் கார் ஓடி உழைத்துக் கட்டிய காசு அது.

எங்கள் ஆட்களிலேயே ஒருவர் அந்த நாட்களில் வீடு வீடாக வந்தார், படிவம் நிரப்பித் தரக் கிடைக்கும் காசில் முப்பது வீதம் என்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஐயா அப்படிக் கொடுத்தே விட்டார். 2018இல்தான் 20 வீதமும் வற் வரியும் என்று சட்டத்தால் உச்சவரம்பு போட்டார்கள். ஒம்புட்ஸ்மன் இலவசம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கு லோன் தந்த அந்தக் கிளையே இப்போது இல்லை. மூடிவிட்டார்கள். அந்த ஐயாவைப் போன்றவர்கள் இப்போது எதற்கும் தொலைபேசியில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நிற்க வேண்டும், அல்லது பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் ஆப் திறக்க வேண்டும். தங்களுடைய பென்சன் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. விற்கும்போது ஆளை முன்னால் இருத்தி விற்றவர்கள், கேள்வி கேட்கும்போது ஆளே இல்லாமல் போனது எந்த விதத்தில் நியாயம்?

சரி, உங்கள் நிலைமை. நான் சட்டத்தரணி இல்லை, விளங்கியதைச் சொல்கிறேன். சாதாரண முறைப்பாட்டுக்கான கடைசித் திகதி 2019 ஆகஸ்ட் 29. அதற்குப் பிறகு, கடும் வருத்தம் போன்ற விதிவிலக்கான காரணம் காட்டினால் தவிர, வங்கி பார்க்கத் தேவையில்லை. மிஞ்சியிருப்பது நீதிமன்றம். அதுவும் தவறாக விற்றார்கள் என்பதைவிட, வங்கி எடுத்த கொமிசனை மறைத்தது என்ற அடிப்படையில். 2014இல் ப்ளெவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்த காப்புறுதிக் கட்டணத்தில் 71.8 வீதம் கொமிசன். 2023 நவம்பரில் பொட்டர் வழக்கில் 95 வீதத்துக்கும் மேல். வழக்குப் போட்ட பொட்டர் என்ற பெண்ணின் லோனும் 2006இல் எடுத்து 2010இல் முடிந்ததுதான். வேண்டுமென்றே மறைத்திருந்தால் வழக்குப் போடுவதற்கான ஆறு வருடக் காலக்கெடு, அதை நீங்கள் அறிந்த அல்லது முயன்றிருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் ஓடும் என்று அதில் தீர்ப்பு வந்தது. அந்த "அறிந்திருக்கக்கூடிய" என்பதில்தான் வங்கி உங்களை மடக்கப் பார்க்கும். இத்தனை வருடம் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அடிபட்ட விஷயம் என்று சொல்வார்கள்.

முதலில் வங்கிக்கு எழுதி, உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல் முழுவதையும் கேளுங்கள். 2018 மே மாதத்திலிருந்து அது இலவசம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பழைய கணக்கு என்பதால் அழித்துவிட்டோம் என்று வந்தாலும் வரும். அதனால் வீட்டில் ஒப்பந்தமும் லோன் அடைத்த கடிதமும் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். அவை கையில் இல்லாமல் சட்டத்தரணியிடம் போகாதீர்கள். வென்றால்தான் காசு என்று சொல்கிறவராக இருந்தால், தோற்றால் மற்றப் பக்கத்துச் செலவை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள்.