தியத்தலாவையில் வீடு: முற்பணத்துக்கு முன் ஐப்பசி மழை

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். குளிரான ஊரில் போய் இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. தியத்தலாவையில் 18 பேர்ச்சஸ் காணியில் 1,100 சதுர அடி வீடு ஒன்று, ஏறத்தாழ 30 வருஷப் பழசு, பார்த்து வைத்திருக்கிறோம். ஜூன் மாதம் 1 கோடி 70 இலட்சம் சொன்னார்கள், இப்போது 1 கோடி 80. தீபாவளி கழிந்தால் இன்னும் ஏறும், 10 இலட்சம் முற்பணம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தரகர் நெருக்குகிறார். கொடுக்கலாமா? (வாசகி, கொழும்பு 6)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். வீடு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் செப்டெம்பர் கடைசியில் அந்த மலையில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

ஊவாவின் பருவம் கொழும்பைப் போன்றதல்ல. மே முதல் செப்டெம்பர் வரை நமக்கு மழை கொட்டும்போது மேற்கு மலைகள் அதைத் தடுத்துவிடுவதால் பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் காய்ந்த காற்றுத்தான். அங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து டிசெம்பர் தாண்டியும் நீளும். ஆகவே இந்த வாரம் கிணறு ஆண்டின் அடிமட்டத்தில் இருக்கும். சுவரும் சரிவும் ஆண்டிலேயே மிகவும் காய்ந்திருக்கும். நவம்பர் நடுப்பகுதியில் இரண்டும் தலைகீழ். தண்ணீர் போதுமா என்பதற்கு இப்போதுதான் பதில் கிடைக்கும். நிலம் நிற்குமா, கூரை ஒழுகுமா என்பதற்கு நவம்பரில்தான் கிடைக்கும். இரண்டு தடவை போக வேண்டும். இடையில் இருக்கிற ஆறேழு வாரத்தைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்தை முதல் மழைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினால் ஈரமான நீளம்தான் தண்ணீரின் ஆழம். மோட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதை விட, அந்த ஒரு மணியில் ஊறி ஏறியது எவ்வளவு என்பதே முக்கியம். இருவர் இருக்கும் வீட்டுக்கு நாளுக்கு 300 லீற்றர் என்று வைத்தால், 1,000 லீற்றர் தாங்கி மூன்று நாளைக்குத்தான். குழாய் நீர் இருக்கிறது என்றால் வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம் என்று விற்பவரை விடுத்து அடுத்த வீட்டாரிடம் கேளுங்கள். மேல் தட்டில் உள்ள வீட்டின் மலக்குழி உங்கள் கிணற்றுக்கு 50 அடிக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சரிவு நிலத்தில் கசிவு கீழ்நோக்கித்தான் வரும்.

அந்தப் பக்கத்துக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது, 2014 டிசெம்பர் தொடங்கி, உள்ளே நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளை, எல்ல சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. உங்கள் வீடு அந்த வலயத்துக்குள் வருகிறதா, இந்தக் கிணறு அப்போது வற்றியதா, வெடிப்புக்கு நட்டஈடு வாங்கினார்களா என்று நேரடியாகவே கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியும் வேண்டும். பூசி மறைத்த வெடிப்பைப் பற்றி அந்தக் கடிதம் சொல்லிவிடும்.

சுவரில் தெரியும் ஒவ்வொரு வெடிப்பையும் பக்கத்தில் ஒரு 5 ரூபா நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். வெடிப்பு முடியும் இடத்தில், வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பென்சிலால் சிறு கோடும் திகதியும் போட்டுவிடுங்கள். மயிர்க்கோடு போன்ற பூச்சு வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக இறங்கும் வெடிப்பும், நிலத்தில் தொடங்கிச் சுவரில் ஏறும் வெடிப்பும் வேறு ரகம்: அடித்தளம் நகர்கிறது என்று பொருள். நவம்பரில் அது பென்சில் கோட்டைத் தாண்டியிருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாம் பயணம் நவம்பர் நடுவில், ஒரு பெருமழைக்கு மறுநாள் அமைந்தால் நல்லது. போகும் வழியில் பெரகலைப் பக்கம் வீதி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் பின்னேரத்து இடிமழை. தரகர் காலை பத்து மணிக்கு வெயிலில் காட்டுவார், நீங்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள். மலைப்பக்கம் முழுதும் பனிமூட்டம் இறங்கி, இரண்டு மணிக்கே விளக்குப் போடும் அந்த வீட்டில்தான் நீங்கள் வருஷா வருஷம் மூன்று மாதம் இருக்கப் போகிறீர்கள். துவைத்த துணி இரண்டு நாள் காயாது. அலுமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் மூக்கு சொல்லும்.

பின்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ற் என்றால் நிலத்து ஈரம் அதற்குள் ஏறியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உப்பு உதிரும். மேற்கூரைப் பலகையில் கோப்பிக்கறை போன்ற வளையங்கள் இருந்தால் சீற்றின் ஆணித்துளை ஒழுகுகிறது அல்லது இரண்டு கூரைகள் சேரும் பீலி அரித்துவிட்டது. ஆணித்துளைக்கு வாஷர் மாற்றினால் போதும், சிறு செலவு. பீலி அப்படியல்ல, கூரை மரமும் உளுத்திருக்கக்கூடும். மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இடிமழைக் காலத்தில் அது அவசியம்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வீட்டின் பின்புறம். மலையில் வீட்டுக்குச் சமதரை வேண்டி மேற்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவது வழக்கம். பின்னால் வெட்டுச் சுவர், முன்னால் நிரப்பிய மண், ஒரே வீட்டில் இரண்டு ஆபத்து. தடுப்புச் சுவரில் 2 அல்லது 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மழைக்கு மறுநாள் அவற்றில் தண்ணீர் சொட்ட வேண்டும். காய்ந்து கிடந்தால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். அடைபட்டிருக்கிறது, தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது. வயிறு முன்தள்ளியது போல் சுவர் புடைத்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. சாய்ந்த மின்கம்பம், அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரம், புல்லுக்குள் பிறைவடிவ நிலவெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று கலங்கிய ஊற்று நீர்: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலும் அந்தச் சரிவு நகர்கிறது.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சல்ல. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29 அன்று, தீபாவளி கழிந்து ஒரே வாரத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை இந்த நாட்டில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு முன் எடுத்த நிலச்சரிவு அறிக்கையைக் காட்டினால் ஏற்காதீர்கள், புதிதாகக் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் உங்களுக்கு எட்டும் தூரத்தில், கொழும்பு 5, ஜாவத்த வீதியில் இருக்கிறது. பதுளையிலும் அலுவலகம் உண்டு. நில அளவைப் படம், காணி உறுதியின் பிரதி இரண்டையும் கொண்டு விண்ணப்பித்தால், கட்டணத்துக்கு இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார்கள். பின்னாளில் ஓர் அறை கூட்டிக் கட்ட அனுமதி கேட்டாலும் இதே அறிக்கைதான் வேண்டும். அவர்களுடைய எச்சரிக்கை அளவையும் மனத்தில் வையுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும்.

இனி விலை. ஏறுகிறது என்பது பொய்யல்ல. 2022 இல் ரூபா விழுந்தபோது சீமெந்து, கம்பி, ஓடு எல்லாம் ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாயிற்று. பிறகு வட்டி இறங்கியது, எல்ல பக்கம் விடுதிக்காரரின் பார்வை அடுத்த ஊர்களுக்கும் நீண்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தோட்ட லயத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு உறுதி இல்லை, மேகம் பார்க்க வருகிறவருக்குப் பேர்ச் கணக்கில் விற்கிறார்கள். அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம். ஆனால் ஊர் விலை ஏறுவதும் உங்கள் வீட்டுக்குச் சொல்லும் விலை நியாயமாக இருப்பதும் வேறு வேறு.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 11,000 ரூபா என்று கணக்குக்காக வைத்தால் 1,100 சதுர அடிக்கு 1 கோடி 21 இலட்சம். 30 வருஷப் பழசுக்கு 40 சதவீதம் கழித்தால் வீட்டின் பெறுமதி 72 இலட்சத்து 60 ஆயிரம். சொல்லும் 1 கோடி 80 இலட்சத்தில் மீதி 1 கோடி 7 இலட்சத்து 40 ஆயிரம் காணிக்குப் போகிறது. 18 பேர்ச்சஸுக்கு வகுத்தால் பேர்ச்சுக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 97 ஆயிரம். ஆனால் 18 இல் 7 பேர்ச்சஸ் காலே வைக்க முடியாத சரிவு என்றால், பாவிக்கக்கூடிய 11 பேர்ச்சஸுக்கு நீங்கள் கொடுப்பது பேர்ச்சுக்கு 9 இலட்சத்து 76 ஆயிரம். அந்தத் தெருவில் சமதரைக் காணி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டு, இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கடன் எடுக்காவிட்டாலும், வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் பட்டய மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடியுங்கள். பழைய உறுதிகளில் எழுதிய தொகையை நம்பி விலை பேசாதீர்கள், குறைத்து எழுதுவது பரவலாக நடக்கிறது. நீங்களும் அதைச் செய்ய வேண்டாம். முத்திரைத் தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான் விதிக்கப்படும், மாகாண இறைவரிக்காரர் பின்னர் மிச்சத்தைக் கேட்பார்கள். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் என்ற வீதத்தில் 1 கோடி 80 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் வரும். எழுதும் நாளின் வீதத்தை நொத்தாரிசிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள், அவருடைய கட்டணம் தனி.

இடைப்பட்ட வாரங்களில் காகிதம். குறைந்தது 30 வருஷத்துக்கான உறுதித் தொடரைக் காணிப் பதிவகத்தில் உங்கள் சொந்த நொத்தாரிசு பார்க்க வேண்டும். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். தரகர்கள் ‘சின்னக்கர’ என்று சொல்லும் முழு உரிமை உறுதியா, அல்லது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமா, ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்பா என்பது முதல் கேள்வி. பின்னவை என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பிரதேச சபையில் வீதி அகலிப்புக்கு காணி போகுமா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும், வீட்டுக்கு அங்கீகரித்த கட்டடப் படமும், ஆதன வரி பாக்கி இல்லை என்பதும் வேண்டும். நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு பழைய படத்தின்படி எல்லைக் கற்களை நிலத்தில் காட்டச் சொல்லுங்கள். ரயில் பாதை பக்கத்தில் என்றால் ரயில்வே ஒதுக்கையும் குறிக்கட்டும். நில அளவை படிப்பிக்கும் நிறுவனமே தியத்தலாவையில்தான் இருக்கிறது. அதற்காக அந்த ஊர் வேலிகள் நகராமல் நிற்பதில்லை.

முற்பணத்துக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். தரகர் கொப்பித்தாளில் எழுதித் தரும் பற்றுச்சீட்டைக் கொண்டு ‘எனக்கே விற்க வேண்டும்’ என்று வழக்காட முடியாது. ஆகக்கூடியது, கொடுத்த காசைத் திரும்பக் கேட்கலாம். வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்தால், நொத்தாரிசு உடன்படிக்கை எழுதி, அதில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள்: உரித்து சுத்தமாக இருக்க வேண்டும், நிலச்சரிவு அறிக்கை பாதகமாக வந்தால் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், உறுதி எழுதும் கடைசி நாள் டிசெம்பருக்கு முன் வரக்கூடாது. பணம் வங்கிக் காசோலையாக, உறுதியில் பெயருள்ளவரின் பெயருக்கே போகட்டும். விற்பவர் இதற்கு மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

நவம்பர்ப் பயணத்தில் உள்ளூர் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய், தடுப்புச் சுவர், பீலி, பின்பக்க வடிகான் மூன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு பேரம் பேசுங்கள். தீபாவளிக்குப் பிறகு தரகர் 5 இலட்சம் கூட்டினாலும், ஒரு கருங்கல் தடுப்புச் சுவரைப் பிரித்துக் கட்டும் செலவு அதை விழுங்கிவிடும். பேசி முடிந்து உறுதி எழுதினால், பதிவைத் தள்ளிப்போட விடாதீர்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், 1927 ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, மோசடியின்றி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. உறுதி பதிவுக்குக் கொடுக்கப்பட்டதைக் காட்டும் நாட்பதிவேட்டு இலக்கத்தை நொத்தாரிசிடம் அந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.