விண்வெளி விளையாட்டுகளில் பொருள்களை நொடியில் இடம் மாற்றும் வசதிக்கு ஏன் வரம்பு வைக்கிறார்கள்?

உடனடிப் பொருள் மாற்றம் என்பது, ஒரு கோளின் கிடங்கில் உள்ள சரக்கைக் கப்பலில் ஏற்றாமலேயே தொலைவிலுள்ள வேறொரு நிலையத்தில் நொடியில் பெற்றுக்கொள்ளும் வசதியாகும். இது வரம்பின்றிக் கிடைத்தால் தொலைவுக்கு மதிப்பே இராது. நிலையத்துக்கு நிலையம் மாறும் விலை, சரக்குக் கப்பல், கொள்ளையர் அச்சம் ஆகிய அனைத்தும் தொலைவை நம்பியே இருப்பதால், அவையும் கூடவே சரிந்துவிடும். 2003இல் வெளியான ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டில், வாங்கிய பொருள் விற்ற நிலையத்திலேயே கிடக்கும் என்பதால்தான் சரக்கேற்றிச் செல்வது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. எலைட் டேஞ்சரஸ் என்னும் மற்றொரு விண்வெளி விளையாட்டில் நமக்குச் சொந்தமான வேறொரு கப்பலை நாம் இருக்கும் இடத்துக்கு வரவழைக்கலாம், ஆனால் தொலைவுக்கேற்பக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. இதுவே நல்ல நடுவழி என்பது என் கருத்து.

வீடு மாறும்போது புதிய முகவரி நொடியில் எல்லோருக்கும் போய்ச் சேரும், அலமாரியோ வண்டியில்தான் வர வேண்டும். விளையாட்டிலும் செய்தி நொடியில் போகலாம், பொருளோ பயணித்தே வர வேண்டும். விளையாட்டின் கதையும் இந்த வரம்புக்கு இடம் தர வேண்டும். எதையும் நொடியில் அனுப்பும் கருவி இருக்கும் உலகில் சரக்குக் கப்பல்கள் எதற்கு என்று ஆட்டக்காரர் நிச்சயம் கேட்பார்.

இத்தகைய வரம்பு ஆட்டக்காரரின் நேரத்தை வீணாக்கவே வைக்கப்படுகிறது என்று பலர் எண்ணுவது தவறு, ஏனெனில் தொலைவின் மதிப்பைக் காப்பதே அதன் நோக்கம்; தொலைவே இல்லாத ஒரே நிலையத்துக்குள் நொடியில் மாற்றிக்கொள்ள விடுவதால் எதுவும் கெடுவதில்லை.